ஓகஸ்ட் லீவு வி.பி.எஸ்ஸும் வாலிபர் முகாமும்: பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன ஒழுங்கு செய்வது?

கல்லாறு_சண்டேஸ்கூல்
ஓகஸ்ட் லீவில எங்கட சபையில மூன்று நாள் வி.பி.எஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி). காலை 8.30 முதல் பகல் 1 மணி வரை, தரம் 1 தொடக்கம் தரம் 8 வரை ஏறக்குறைய 70 பிள்ளைகள். அதோட தரம் 9க்கு மேற்பட்ட வாலிபர் 24 பேருக்கு வெள்ளி, சனி இரவுகளில் தங்கல் முகாம், ஆண் பெண் இருபாலாரும். உதவிக்குப் பெரியவர்கள் 9 பேர், ஏ.எல் படிக்கிற பிள்ளைகள் 6 பேர். ஒரு மண்டபம், பின்னால பழைய மிஷன் வீடு. மலசலகூடம் கிணத்தடிப் பக்கம், மண்டபத்திலிருந்து கொஞ்சம் தள்ளி. ஒரு வான் இருக்கு.

எழுத்தில ஒரு விதியும் இதுவரை இல்லை. இந்தமுறை செயற்குழு ஒரு பக்கத்தில எழுதித் தரச் சொல்லியிருக்கு. உதவிக்கு வாற எல்லாரும் ஒரு படிவம் நிரப்பி, நற்சான்றிதழும் இரண்டு பேரின் சாட்சியும் தரவேணும் என்றும் ஒரு யோசனை இருக்கு. "கவனமா இருங்க" என்கிற மாதிரி இல்லாம எந்த இடத்தில, எத்தனை ஆள், எத்தனை மணிக்கு என்று எழுதினால் உதவி.

வாவிக்கரை
முதல்ல ஆள் கணக்கு. பிரித்தானியாவில பிள்ளைகள் பாதுகாப்புக்கான என்எஸ்பிசிசி அமைப்பு சொல்கிற விகிதம் இது: 4 முதல் 8 வயது வரை 6 பிள்ளைக்கு ஒரு பெரியவர், 9 முதல் 12 வரை 8 பிள்ளைக்கு ஒருவர், 13க்கு மேல் 10 பேருக்கு ஒருவர். குழு எவ்வளவு சின்னதென்றாலும் இரண்டு பெரியவருக்குக் குறையக்கூடாது. உங்கட 70 பேரில் தரம் 1 முதல் 3 வரை 36 பேர் என்று வைத்தால் அவர்களுக்கு 6 பேர். மீதி 34 பேருக்கு 5 பேர். வாசலில் ஒருவர், எந்த வகுப்பிலும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்க ஒருவர். ஆக 13. சமையலில் நிற்பவர்களை இதில் சேர்க்க ஏலாது. ஏ.எல் பிள்ளைகளில் 18 ஆகாதவர்களைப் பெரியவராக எண்ணவும் கூடாது. பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் பட்டியலில்தான் அவர்களும் வருகிறார்கள். 9 பேர்தான் என்றால் நாளுக்கு 45 பிள்ளைக்கு மேற்படாமல் இரண்டு பிரிவாகப் போடுங்க. ஆள் கூட்ட முடியாவிட்டால் பிள்ளையைக் குறைக்கிறதுதான் வழி.

அடுத்தது மலசலகூடம். இப்படியான நிகழ்ச்சிகளில் மேற்பார்வை முதலில் அறுகிற இடம் அதுதான். பிள்ளை கேட்டவுடன் தனியே விடுவதும் பிழை, ஒரு "அண்ணா"வைக் கூட அனுப்புவது அதைவிடப் பிழை. 9.45க்கும் 11.30க்கும் வகுப்பு வகுப்பாகக் கூட்டிப்போங்க. இடையில் கேட்டால் மூன்று பிள்ளையாக அனுப்புங்க. ஒரு பெரியவர் கதவடியில் நில்லாமல், மண்டபத்திலிருந்தும் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்கட்டும். பிள்ளைகள் உள்ளே இருக்கிற நேரம் பெரியவர் யாரும் அதே மலசலகூடத்துக்குப் போவதில்லை. சின்னப் பிள்ளைக்கு உதவி தேவை என்றால் இன்னொருவருக்குச் சொல்லிவிட்டு, வெளிக்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவது. எந்தப் பிள்ளைக்கு அந்த உதவி தேவை என்று பெற்றோர் படிவத்திலேயே கேட்டு எழுதிவிடுங்க. கிணற்றுக்கு வலை அல்லது மூடி இல்லையென்றால் அதை முதல் வேலையாகப் போடவேணும்.

மிஷன் வீட்டில் பகலில் பாவிக்காத அறைகளைப் பூட்டி, திறப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும். "தனியா ஜெபிக்கவேணும்" என்று பிள்ளையை அறைக்குள் கூட்டிப்போகிற வழக்கம் நம்மட சபைகளில் நிறைய. ஜெபம் மண்டபத்தின் மூலையிலேயே நடக்கட்டும். பேசுவது மற்றவர்களுக்குக் கேட்கவேண்டியதில்லை, ஆனால் ஆளைத் தெரியவேணும்.

மூப்பர்_செட்டிபாளையம்
எல்லாம் சரிதான். ஆனா எங்கட ஊருகளில ஆளையாள் தெரியாதவர் யாரும் இல்லை. இருபது வருசமா பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஒருவரிட்ட போய் நற்சான்றிதழ் கொண்டு வா, இரண்டு பேர் சாட்சி சொல்லவேணும் என்றால் அவர் அடுத்த ஞாயிறு வரமாட்டார். வெளிநாட்டு விதியெல்லாம் இஞ்ச சரிவராது.

திருக்கோவில்_அக்கா
மூப்பர் ஐயா, ஆளைத் தெரியும் என்கிறதுதான் இதில் சிக்கலே. பிள்ளைக்குக் கெடுதல் செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்கும் வீட்டுக்கும் நன்றாகத் தெரிந்தவர். வீட்டாரின் நம்பிக்கையைத்தான் அவர் முதலில் சம்பாதிக்கிறார். தொடக்கம் இப்படித்தான் இருக்கும்: ஒரு பிள்ளையின் போனுக்கு மட்டும் றீலோட் போடுவது, ஒரு பிள்ளையை மட்டும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவது, "உன்ட குரலுக்குத் தனியாப் பழக்கினா நல்லா வரும்" என்பது. பிறகு "அம்மாட்ட சொல்லாத" என்று ஒரு சின்ன இரகசியம். அந்த இரகசியத்தைப் பிள்ளை காத்தால் அடுத்ததற்கு வழி திறந்துவிடும். நம்மட மாவட்டங்களில் அம்மா மத்திய கிழக்கில், பிள்ளை அம்மம்மாவோட என்கிற வீடுகள் நிறைய. யாரும் தேடிவந்து கேட்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் அந்தப் பிள்ளைகளை நெருங்குவார்கள்.

பழைய ஆசிரியர் கோபிக்காமல் இருக்க ஒரு வழிதான் இருக்கு: விதி எல்லாருக்கும் ஒன்று. முதல் படிவத்தைப் போதகர் நிரப்பட்டும், இரண்டாவதை மூப்பர். அதற்குப் பிறகு சண்டே ஸ்கூல் ஆசிரியருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. பொய்க் குற்றச்சாட்டு வந்தாலும் "எந்த நேரமும் இரண்டாம் ஆள் இருந்தார்" என்கிற பதிவு அவருக்குத்தான் கைகொடுக்கும்.

சான்றிதழைப் பற்றியும் ஒன்று. ஜி.எஸ் (கிராம சேவகர்) தருகிற நற்சான்றிதழ் அவருக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லும். பொலிஸ் அறிக்கை பதிவானதை மட்டும் சொல்லும். முறைப்பாடே வராத ஆளுக்கு இரண்டும் சுத்தமாக வரும். வாங்குங்க, ஆனால் அதை நம்பி இருந்துவிடாதீங்க. அதைவிடப் பெறுமதியானது முன்பு இருந்த சபைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. "ஆள் எப்படி?" என்று கேட்டால் "நல்ல ஆள்" என்று வரும். "பிள்ளைகளோட வேலை செய்ததை ஏன் விட்டார்? திரும்பவும் பிள்ளைகளை அவரிடம் விடுவீங்களா?" என்று கேளுங்க. பதில் இழுபட்டால் அதுவே பதில். சபைக்குப் புதிதாக வந்தவருக்கு ஆறு மாதத்துக்குப் பிள்ளைகள் வேலை கொடுக்கவேண்டாம். வந்த கிழமையே சண்டே ஸ்கூல் கேட்கிறவருக்கு அந்த ஆறு மாதம் நீளமாகத் தெரியும்.

தாண்டவன்வெளி_மறையாசிரியர்
கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து சிலது. பூசையில் உதவுகிற பீடச்சிறுவர்கள் உடுப்பு மாற்றுகிற அறைதான் எங்களுக்கு மலசலகூடம் மாதிரி, மேற்பார்வை அறுகிற இடம். பூசைக்கு அரை மணிக்கு முன் திறந்து, கதவைத் திறந்தே வைத்து, இரண்டு பெரியவர் நிற்கிற ஒழுங்கு வேணும். உடுப்புக்கு மேலேயே அங்கி போடலாம், கழற்றத் தேவையே இல்லை. பூசை முடிந்து பாத்திரம் கழுவ, மெழுகுதிரி அணைக்க என்று ஒரு பிள்ளையைக் கடைசிவரை நிறுத்துகிற பழக்கத்தையும் விடவேணும்.

பிள்ளைகளின் ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) கோவிலுக்குள், எல்லாரும் பார்க்கிற வாங்கில் நடக்கட்டும், குருமனை அறையில் வேண்டாம். அங்கே சொன்னதைக் குரு வெளியே சொல்ல முடியாது. ஆனால் பிள்ளை தனக்கு நடந்த கெடுதலைச் சொன்னால், "இது உன்ட பாவமில்லை, இதை வெளியில வந்து எனக்கோ நீ நம்புகிற ஒருவருக்கோ சொல்லு" என்று ஊக்கப்படுத்தலாம். ஒப்புரவுக்கு வெளியே கேட்டது வேறு கணக்கு. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொண்டுவந்த சட்டப்படி குருக்களும் துறவிகளும் தாங்கள் அறிந்த துர்ப்பிரயோகத்தைத் திருச்சபை அதிகாரிக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். நாட்டுச் சட்டத்தின்படி செய்யவேண்டியதை அது தள்ளிவைக்கவில்லை.

ஆயித்தியமலை மாதா கோவிலுக்கு நடந்து போகிற யாத்திரைக்கும் ஒரு ஒழுங்கு வேணும், அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. 12 பேருக்கு ஒரு குழு, முன்னுக்கு ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசியில் நடப்பவரை யாரும் பின்தள்ளக்கூடாது. இருட்டில் நடந்தால் முன்னவருக்கும் கடைசியாளுக்கும் ஒளிதெறிக்கிற பட்டி. ஒவ்வொரு தங்குமிடத்திலும் பெயர் கூப்பிட்டு எண்ணுவது. "கால் நோகுது" என்கிற பிள்ளையைத் தெரிந்தவர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போவதுதான் அங்கே பெரிய ஓட்டை. அதற்கென்று ஒரு வான் பின்னால் வரட்டும். பிள்ளை அதில்தான் ஏறவேணும், ஏறினால் பதிவில் எழுதவேணும்.

வாசல்_காவல்
2019 உயிர்த்த ஞாயிறில் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத்தாக்குதல் மட்டக்களப்பில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அன்று உயிரிழந்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகு பல இடங்களில் வாசலில் ஆளும் பை சோதனையும் வந்தது. நல்லது, தொடரட்டும். வகுப்பு விட்டு ஆராதனை தொடங்குகிற இடைவேளையில் பிள்ளைகளை வாசலடியில் கூடவிடாமல் பின்முற்றத்தில் வைத்திருப்பதும் அதோட சேரவேணும்.

ஆனால் வாசலில் நிற்கிறவர் அந்நியரைத்தான் பார்க்கிறார். உள்ளே இருக்கிறவரைப் பார்க்க வேறு ஆள் வேணும். இரண்டையும் ஒருவருக்கே கொடுத்தால் ஒன்றும் நடக்காது. இன்னொன்று, பயத்தில் எல்லாக் கதவையும் சங்கிலி போட்டுப் பூட்டுகிறார்கள். கரண்ட் ஒழுக்கு, குசினியில் காஸ் தீ என்றால் 70 பிள்ளைகள் எந்த வழியால் ஓடுவார்கள்? பின்கதவு உள்ளிருந்து திறக்கிற கொண்டியோட இருக்கவேணும், பூட்டோட இல்லை. முதல் நாள் காலை ஒருமுறை எல்லாரையும் வெளியேற்றிப் பார்த்து, வெளியே பெயர்ப் பதிவைப் பிடித்து எண்ணிப்பாருங்க. பதிவேடு உள்ளே மாட்டுப்பட்டுவிட்டால் எண்ணவும் ஏலாது. ஆகவே அது வாசல் ஆளின் கையிலேயே இருக்கட்டும்.

பாஸ்டர்_வாழைச்சேனை
வீட்டுச் சபை எங்களுடையது. பிள்ளைகள் 15 பேர், நடத்துவது நானும் மனைவியும். ஆராதனை நேரம் நான் பிரசங்கம், அவ தனியாப் பிள்ளைகளோட. 13 பேருக்கு எங்க போறது?

வாவிக்கரை
பாஸ்டர், உங்களுக்கு 13 தேவையில்லை, இரண்டாவது ஆள் ஒருவர் வேணும். பெற்றோரை முறைபோட்டு ஞாயிறுக்கு ஒருவராக எடுங்க. அவர் படிப்பிக்கத் தேவையில்லை, இருந்தால் காணும். வகுப்பை உள்ளறையிலிருந்து விறாந்தைக்கு மாற்றினால் சபையே பார்த்துக்கொண்டிருக்கும். முறைக்காரர் வராத ஞாயிறு வகுப்பு இல்லை, பிள்ளைகள் ஆராதனையில் இருக்கட்டும். கணவனும் மனைவியும் ஆளுக்காள் சாட்சி என்பதும் போதாது. முறைக்கு வருகிறவர் உங்கட குடும்பத்துக்கு வெளியே இருந்தால் உங்களுக்கும் நல்லது.

கல்லாறு_சண்டேஸ்கூல்
நன்றி. பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறதும், 1 மணிக்குக் கையளிக்கிறதும்தான் எங்களுக்கு எப்பவும் குழப்பம். ஆளாளுக்கு வந்து "நான் மாமா" என்று கூட்டிப்போறாங்க.

திருக்கோவில்_அக்கா
படிவத்தில் பிள்ளையை எடுக்கக்கூடிய இரண்டு பேரின் பெயரும் தொலைபேசி இலக்கமும். காலையில் பிள்ளையின் பெயரோட ஒரு இலக்க அட்டை, அதில் பாதி பிள்ளையின் சட்டையில், பாதி கொண்டுவந்தவர் கையில். 1 மணிக்கு இரண்டு பாதியும் பொருந்தினால் பிள்ளை போகலாம். அட்டை தொலைந்தால் படிவத்தில் உள்ள இலக்கத்துக்கு எடுத்துக் கேட்பது. வந்தவர் சொல்கிற இலக்கத்துக்கு எடுக்கக்கூடாது, அதில்தான் ஏமாறுகிறார்கள். தாய் தகப்பன் பிரிந்திருந்து நீதிமன்றக் கட்டளை ஏதும் இருந்தால் அதையும் படிவத்தில் கேளுங்க. தரம் 6க்கு மேல் தனியே நடந்துபோகிற பிள்ளைக்கு வீட்டாரின் கையெழுத்து. அம்மா வெளிநாட்டில் என்றால் கையெழுத்திடுகிற பாதுகாவலர் யார் என்பதை அவவிடமும் வட்ஸ்அப்பில் உறுதிப்படுத்துங்க.

எல்லாரும் போய் ஒரு பிள்ளை மட்டும் மிஞ்சும். இரண்டு பெரியவர் கூட இருக்கவேணும். அரை மணியில் இரண்டாவது இலக்கத்துக்கு எடுங்க. இரக்கப்பட்டு ஒருவர் தனியே ஏற்றிக்கொண்டு போவது மட்டும் வேண்டாம்.

வானிலும் அதே கதைதான். சாரதியைத் தவிர ஒரு பெரியவர் கடைசி இறக்கம் வரை இருக்கவேணும், ஏனென்றால் கடைசிப் பிள்ளை எப்பவும் தனிப்பிள்ளை. பாதையை மாற்றி, கடைசியில் அண்ணன் தங்கச்சி இருக்கிற வீடு வருகிற மாதிரிப் போட்டால் இன்னும் நல்லது. இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றாதீங்க. ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணி, கடைசியில் பின்சீற்றுக்கடியில் குனிந்து பாருங்க. நித்திரையான பிள்ளை பூட்டின வானுக்குள் வெயிலில் கிடந்தால் கொஞ்ச நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து.

அக்கரைப்பற்று_நேர்ஸ்
தங்கல் முகாமைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. பெண்பிள்ளைகளுக்கு மிஷன் வீடு, ஆண்பிள்ளைகளுக்கு மண்டபம் என்று பிரிக்கலாம். ஒவ்வொரு பக்கமும் அதே பாலார் இருவராவது இரவு முழுக்க. அவர்கள் பிள்ளைகளின் பாயில் படுக்காமல், கதவுக்கு உட்பக்கம் தனிப் பாயில். விறாந்தையில் ஒரு லைட் எரியட்டும், கரண்ட் போனால் சார்ஜ் லைட். 10.30க்குப் பிறகு ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் யாரும் போவதில்லை, சுகவீனம் என்றால் பெரியவர் இருவர் சேர்ந்து போவது. 14 வயதையும் 19 வயதையும் ஒரே வரிசையில் படுக்கவிடாதீங்க. பிள்ளைக்குப் பிள்ளை செய்கிற கெடுதல் நாம் நினைப்பதைவிட அதிகம், பெரியவர்களையே பார்த்துக்கொண்டிருந்தால் அது தப்பிவிடும்.

கிணத்தடிக் குளிப்பு: நான்கு பக்கமும் படங்கு கட்டுங்க. நிலத்திலிருந்து அரை அடி மட்டும் இடைவெளி, உயரம் ஆறரை அடிக்குக் குறையாமல். மெல்லிய வெள்ளைப் படங்கில் பின்னாலிருந்து வெயில் பட்டால் நிழல் தெரியும், தடித்த நீலம் அல்லது பச்சை எடுங்க. பெண்பிள்ளைகளுக்கு 5.30 முதல் 6.30, ஆண்களுக்கு அதன் பிறகு. போன் எதுவும் கிணத்தடிக்குப் போகாது, பெரியவரின் போனும்தான்.

சாப்பாடு, நித்திரை இரண்டையும் தண்டனையாகப் பறிக்காதீங்க. மணலில் முழங்காலில் விடுவது, எல்லாருக்கும் முன்னால் எழுப்பிப் பாவத்தைச் சொல்லவைப்பது, இதெல்லாம் ஒழுக்கம் இல்லை. கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் தண்டனையை விலக்கியிருக்கு. சண்டே ஸ்கூலுக்கு அதைவிடத் தாழ்ந்த அளவுகோல் இருக்கமுடியாது. தண்டனைச் சட்டக் கோவையின் 308அ பிரிவில் தன் பொறுப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது 2 முதல் 10 வருடச் சிறைக்குரிய குற்றம். உபவாச ஜெபத்துக்கும் பிள்ளைகளை இருத்தவேண்டாம். சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிற பிள்ளை ஒருநேரம் சாப்பிடாமல் விட்டாலே மயங்கலாம்.

வலிப்பு வந்த பிள்ளையை "ஆவி" என்று நாலு பேர் அமத்திப் பிடித்து ஜெபிப்பதும் நடக்குது. அமத்தினால் தோள் கழரும், கை முறியும். பக்கவாட்டில் சரித்து, தலைக்குக் கீழே மெத்தென்று ஒன்றை வைத்து, நேரத்தைப் பாருங்க. வாய்க்குள் கரண்டியும் வேண்டாம், கையில் திறப்பும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால், அல்லது அடுத்தடுத்து வந்தால் 1990க்கு எடுத்து அம்புலன்ஸ் கூப்பிடுங்க. ஜெபத்தைத் தூரத்தில் இருந்தே செய்யலாம்.

வெயில் காலம், வாந்தி வயிற்றோட்டம் வரும். ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த நீரேற்றத் தூள்) பக்கற் ஒன்றுக்கு கொதித்தாறிய நீர் 1 லீற்றர், சரியாக அளந்து. குறைந்த நீரில் கரைத்தால் உப்புக் கூடிவிடும். கடற்கரைக்குக் கூட்டிப்போவதென்றால் கால் நனைப்பதோட சரி. கல்லடிக் கடலும் முகத்துவார நீரோட்டமும் நீச்சல் தெரிந்தவரையே இழுக்கும்.

மூப்பர்_செட்டிபாளையம்
சரி, கேட்கிறேன். ஏதும் நடந்துவிட்டது, பிள்ளை வந்து சொல்லுது. உடனே பொலிசா? சபைக்குள்ள விசாரித்து, உண்மையா என்று பார்த்துப் பிறகு போனால் என்ன? ஒரு பெண்பிள்ளையின் எதிர்காலம் கிடக்கு. மத்தேயு 18இல் குற்றம் செய்த சகோதரனிட்ட முதல் தனியாப் போய்ச் சொல்லு என்றுதானே இருக்கு?

பாஸ்டர்_வாழைச்சேனை
ஐயா, அந்த அதிகாரத்தை 15ஆம் வசனத்திலிருந்து தொடங்கினால் அப்படித்தான் தெரியும். முதல் வசனங்களில் நடுவில் நிறுத்தப்படுவது ஒரு பிள்ளை. 6ஆம் வசனத்தில் வருவது அந்தச் சிறியவனுக்கு இடறல் செய்கிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் (திரிகைக்கல்லை) கட்டிக் கடலில் அமிழ்த்துவது நலம் என்பது. 15ஆம் வசனம் சகோதரனுக்கும் சகோதரனுக்கும் உள்ள மனத்தாங்கலுக்கு. 11 வயதுப் பிள்ளையைக் குற்றம் சாட்டப்பட்டவர் முன்னால் நிறுத்தி "தனியாப் பேசித் தீர்" என்று சொல்ல அதில் இடமில்லை.

திருக்கோவில்_அக்கா
சபை விசாரணை செய்கிற கெடுதல் மூன்று. ஒன்று, பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டால் பிள்ளையின் பேச்சு மாறும். பிறகு நீதிமன்றத்தில் அந்த மாற்றத்தை வைத்தே வழக்கு விழும். பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி வரக்கூடாது என்பதற்காகத்தான் 1999இன் 32ஆம் இலக்கச் சட்டம் முதல் நேர்காணலை வீடியோவில் பதிந்து சாட்சியமாக்க இடம் தந்தது. இரண்டு, எதிராளிக்குச் செய்தி போய்விடும். போனில் உள்ளது அழியும், பிள்ளைக்கு மிரட்டல் வரும், ஆள் ஊரைவிட்டு மாறுவார். மூன்று, "சமாதானம்". காசு கொடுப்பது, மன்னிப்புக் கடிதம், இன்னும் மோசமாக "கல்யாணம் பேசி முடிப்பம்" என்பது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் சம்மதம் சட்டத்தில் சம்மதமே இல்லை. செயற்குழுக் கூட்டக் குறிப்பு அதை மாற்றாது.

பிள்ளை சொல்லும்போது செய்யவேண்டியது கொஞ்சம்தான். கேளுங்க. "நீ சொன்னது நல்லது, உன்னில பிழையில்லை." "ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீங்க, "உனக்கு உதவக்கூடிய ஆளுக்கு மட்டும் சொல்லுவேன்" என்று சொல்லுங்க. "அவர் இங்க தொட்டாரா?" என்று நாமே எடுத்துக்கொடுக்கக்கூடாது. "என்ன நடந்தது?" என்பது போதும், அதுவும் பிள்ளை நிறுத்தினால் அதோட நிறுத்தம். பிறகு அதே மணிக்குள் ஒரு தாளில் திகதி, நேரம், இடம், பிள்ளை பாவித்த அதே சொற்கள். "மாமா கெட்ட வேலை செய்தார்" என்று பிள்ளை சொன்னால் அதையே எழுதுங்க, "பாலியல் துர்ப்பிரயோகம்" என்று திருத்தாதீங்க. கையெழுத்து. பொறுப்பாளரிடம் கொடுப்பது.

பொறுப்பாளர் இருவர் வேணும், ஒரு பெண், ஒரு ஆண். இரண்டு பேரும் போதகரின் குடும்பத்தார் இல்லை. அவர்கள் அன்றைக்கே 1929க்கு எடுக்கவேணும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், 24 மணிநேரமும், தமிழில் பேசலாம், பெயர் சொல்லாமலும் முறையிடலாம். அல்லது பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவு. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், குடும்பத்துக்குத் துணை தேவை என்றால் அவரையும் பிடியுங்க. பிள்ளை அந்த நேரமே ஆபத்தில் என்றால் பொலிஸ் அவசர இலக்கம் 119. குற்றச்சாட்டு போதகர் மீதோ செயற்குழு மீதோ என்றால் சபைக்குள் யாரிடமும் போகாமல் நேரே 1929.

பொலிசில் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்க. கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி, அது சலுகை இல்லை. வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. பிள்ளையோட நம்பிக்கையான பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

எதிராளியைத் தண்டிப்பது சபையின் வேலை இல்லை. முடிவு வரும்வரை பிள்ளைகள் வேலையிலிருந்து விலக்கிவைப்பது சபையின் வேலை. "தீர்ப்பு வரும்வரை எல்லாருக்கும் இதே நடைமுறை" என்று சொன்னால் போதும். மேடையில் பெயர் சொல்லி ஜெபிப்பதும் வேண்டாம். பிள்ளையின் பெயரும் அதோட வெளியே போய்விடும்.

அக்கரைப்பற்று_நேர்ஸ்
மருத்துவப் பக்கம். நடந்து 72 மணிநேரத்துக்குள் என்றால் ஒவ்வொரு மணியும் கணக்கு. எச்.ஐ.வி தடுப்பு மருந்தை அதற்குள் தொடங்கவேணும், மாதிரிகளும் அந்த நேரத்துக்குள்தான் நன்றாகக் கிடைக்கும். குளிக்கவார்க்கவேண்டாம். உடுப்பைத் துவைக்காமல் கடதாசிப் பையில் போடுங்க. பொலித்தீனில் போட்டால் ஈரம் கட்டிப் பழுதாகும். பொலிசில் எழுதிவிட்டுத்தான் வரவேணும் என்று இல்லை, நேரே அரச வைத்தியசாலைக்கு வரலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மாதிரிப் பெரிய இடங்களில் சட்ட வைத்திய அதிகாரி இருப்பார், பொலிசுக்கு அங்கிருந்தே அறிவிப்பார்கள். 72 மணி கடந்துவிட்டது, மாதக்கணக்காகிவிட்டது என்றாலும் வாங்க. காயம், தொற்று, கர்ப்பம், மனநிலை எல்லாம் பார்க்க இருக்கு.

கமராக்காரன்
படம் பற்றி. பெற்றோர் படிவத்தில் "படம் எடுக்கலாம்", "பேஸ்புக்கில் போடலாம்" இரண்டும் வேறு வேறு கேள்வி. ஒன்றுக்கு ஓம் என்றவர் மற்றதற்கும் ஓம் என்று எடுக்கக்கூடாது. சபைக்கு ஒரு கமரா, ஒரு ஆள். மற்ற லீடர்மார் தங்கட போனில் எடுப்பதில்லை. முகம் தெரிந்தால் பெயரும் பாடசாலையும் வேண்டாம், பாடசாலை உடுப்பில் எடுத்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து பிள்ளையைத் தூக்கி வைத்துப் படம் எடுப்பதும், தனியாக முகவரி வாங்குவதும் நிற்கவேணும். கொடை கொடுப்பவர் என்பதால் அவருக்கு வேறு விதி இல்லை, பிள்ளைக்கு எழுதுகிற கடிதமும் அலுவலகம் வழியாகவே.

வட்ஸ்அப்பில் வாலிபர் குறூப்புக்கு இரண்டு பெரியவர் அட்மின். தனி இன்பொக்ஸ் இல்லை, இரவு 8.30க்குப் பிறகு செய்தி இல்லை, மறையும் செய்தி வசதி அணைத்திருக்கவேணும்.

பிள்ளையின் நிர்வாணப் படம் எங்காவது சுற்றுகிறது என்று கேள்விப்பட்டால் "ஆதாரத்துக்கு" என்று யாரும் சேமிக்கவேண்டாம், அனுப்பவேண்டாம், திரைப்பிரதியும் எடுக்கவேண்டாம். அப்படியான படத்தை வைத்திருப்பதே தண்டனைச் சட்டக் கோவையின் 286அ பிரிவில் குற்றம். கணக்கின் பெயர், இலக்கம், பார்த்த நேரம் இவற்றைத் தாளில் எழுதி, போனை அப்படியே வைத்து, 1929.

கல்லாறு_சண்டேஸ்கூல்
செயற்குழுவில் வைத்தேன். வி.பி.எஸ் இரண்டு பிரிவாகப் போகுது, 35 பேர் வீதம். மிஷன் வீட்டு மலசலகூடம் திருத்தித் திறக்கிறம், கிணத்தடிப் பக்கம் பகலில் யாரும் போகத்தேவையில்லை. முகாமுக்குப் பெண் தலைவியர் இருவர் கிடைக்காட்டி இரவுத் தங்கலை விட்டு, காலை 7 முதல் மாலை 6 வரை இரண்டு நாள் என்று மாற்ற முடிவு. மூப்பர் ஒருவரே முதல் படிவத்தை நிரப்பினார்.

ஒரு கேள்வி மிச்சம். இந்தப் படிவங்கள், பதிவேடு எல்லாம் எவ்வளவு காலம் வைத்திருக்கிறது, யாரிட்ட?

வாவிக்கரை
பெற்றோர் படிவத்தில் தொலைபேசியும் நோய் விபரமும் இருக்கு. நிகழ்ச்சி நாளில் வாசலாளிடம், பிறகு பூட்டுகிற அலுமாரியில், திறப்பு பொறுப்பாளர் இருவரிடமும் மட்டும். யார் எந்த நாள் எந்தக் குழுவில் நின்றார் என்கிற வரவுப் பதிவை எறியாதீங்க, முறைப்பாடு பல வருடம் கழிந்தும் வரலாம். சம்பவத் தாள் தனிக் கோவையில், செயற்குழுக் கூட்டக் குறிப்பில் சேர்க்காமல். போதகர் மாற்றலாகிப் போனாலும் அலுமாரி சபையோடதான், அவர் பெட்டியோட இல்லை.

திருக்கோவில்_அக்கா
1929ஐயும் பொறுப்பாளர் இருவரின் பெயரையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி மலசலகூடக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்க தங்கச்சி. அறிவித்தல் பலகையில் ஒட்டினால் பிள்ளை நின்று வாசிக்கக் கூச்சப்படும். தரம் 3 பிள்ளையின் கண் உயரத்தில், நாலு அடிக்குக் கீழே.